எங்கடா ஓடற, உள்ள வா

இன்று ஒரு கம்பெனியின் மென்பொருள் அறிமுகக் கூட்டத்துக்குப் போனேன். லட்சக்கணக்கான மணல் துகள்கள் எப்படிச் சரியும் என்று கணக்கிட்டுக் காட்டும் மென்பொருள். முதல் வரி முதல் கடைசி வரி வரை எங்கள் டீம் எழுதியது என்று ஆங்கிலத்தில் முழங்கினார் மேனேஜர்.

லிங்கராஜபுரம் வீட்டில் மூன்று வருடம் உட்கார்ந்து நானும் அப்படி ஒன்றை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் போட்டிருக்கிறேன். எழுதியவன் பெயரை அழிக்கக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

திரையில் ஓட்டிக் காட்டும்போது, திடீரென்று ஒரு துகள் மணல் பெட்டியை விட்டு வெளியே ஓடியது. எல்லாம் நின்றது. திரையில், ஆங்கில எழுத்தில்: “எங்கடா ஓடற, உள்ள வா!”

துகள் தப்பினால் வரட்டும் என்று நான் எழுதிவைத்த எச்சரிக்கை! எல்லா ஃபைலிலும் என் பெயரைத் தேடித் தேடி அழித்தவர்கள், உள்ளே இருப்பதைப் படிக்கவே இல்லை.

மேனேஜர் அசரவில்லை. டீமில் ஒரு தமிழர் இருக்கிறாராம், அவருடைய குறும்பாம். கூட்டம் சிரித்தது.

வெளியே அவரை மடக்கி, “அந்தத் தமிழர் நான்தான்” என்றேன்.

“ஓபன் சோர்ஸ்தானே குரு, ஃப்ரீயா போட்டதுக்கு எதுக்கு இவ்ளோ டென்ஷன்?”

என்னுடைய அடுத்த வெர்ஷனில் அந்த எச்சரிக்கை இடத்தில் என்ன எழுதலாம், சொல்லுங்கள். எப்படியும் படிக்காமல்தான் மேடையேற்றுவார்கள்.