கூட யாருப்பா

மனைவி செத்த பிறகு வீட்டில் நான் ஒருவன்தான். மகன் சிங்கப்பூர் வேலைக்குப் போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. போன் செய்யும்போதெல்லாம் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்பான். நான் தனியாகக் கிடந்தால் கிளம்பி வந்துவிடுவேன் என்பான். வந்தால் அவனும் என்னைப் போல நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட்தான். கரி ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் கொட்டினதை வாரவேண்டியதுதான்.

அதனால் ஷிப்ட் ஆட்களோடு தரங்கம்பாடி கோட்டைக்குப் போகிறேன் என்று சொன்னேன். போட்டோ அனுப்பு என்றான். மூன்று பேர் வருவதாகத்தான் இருந்தது. ஒருவருக்கு டபுள் டூட்டி. ஒருவருக்குச் சாவு வீடு. இன்னொருவர் போனே எடுக்கவில்லை. நான் பஸ் ஏறிவிட்டேன். சேத்தியாத்தோப்பில் மாறி, சிதம்பரத்தில் மாறிப் போய்ச் சேர வெயில் வந்துவிட்டது.

மதில் மேல் நின்றால் கடல்தான். மைன்ஸும் அப்படித்தான், மேலே நின்று பார்த்தால் முடிவே தெரியாது. ஆனால் அங்கே எவ்வளவு ஆழத்திலும் ஓர் ஆள் தெரிவான். இங்கே தண்ணீர். பார்த்துக்கொண்டே இருந்தேன். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது.

பீரங்கிக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம். புருஷன், பெண்டாட்டி, கிழவி ஒருத்தி. போட்டோ எடுக்கச் சொல்லி போனைக் கொடுத்தார்கள். எடுத்தேன். கிழவி வாங்கிப் பார்த்தாள்.

"எம் தலைய வெட்டிட்டியேப்பா. உசுரோட இருக்கும்போதேவா?"

திரும்ப எடுத்தேன். பிறகு என் போனை நீட்டினேன்.

"எனக்கும் ஒண்ணு வேணுங்க. நீங்களும் கூட நிக்கணும்."

அந்த ஆள் என்னைப் பார்த்தார். அவர் பெண்டாட்டிதான் பேசினார்.

"நின்னா கொறஞ்சா பூடுவோம்? வாங்கண்ணே. ஓரமா எதுக்கு, நடுவுல நில்லுங்க."

கோட்டை வாட்ச்மேன் எடுத்துக் கொடுத்தார். அவர்கள் இறங்கிப் போய்விட்டார்கள். நான் போட்டோவை மகனுக்கு அனுப்பிவிட்டு இன்னும் கொஞ்ச நேரம் மதிலில் உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மகன் கூப்பிட்டான்.

"கூட யாருப்பா அவங்க?"

"தெரிஞ்சவங்கதான்."

"எல்லாம் சிரிச்சிகினு இருக்கீங்க. நான்தான் பயந்துகினு இருந்தேன். இனிமே எங்க போனாலும் அவங்களோடயே போப்பா."

சரி என்றேன். அவர்கள் எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.