அக்கா நிறுத்திவைத்த போட்டி

எங்கள் மூத்த சகோதரியார் மறைந்து ஓராண்டு நிறைவுறும் இந்நாளில், தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் ஊரிலிருந்தும் வந்து இந்நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர், நண்பர் அனைவரையும் குடும்பத்தின் சார்பில் வணங்குகிறேன். அக்கா என்ன வேலை பார்த்தார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. "ஏதோ கிளப்பில் வேலை" என்றே சொல்லிவந்தோம். துப்பாக்கிக் குண்டு என்றால் பெண் கேட்டு வருகிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று அம்மா அஞ்சினார். இன்று அதைப் பெருமையுடன் எழுதுகிறேன்.

அக்கா தாராவியில் பிறந்தவர். அவர் பத்தாம் வகுப்பு முடித்த ஆண்டில் அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடப்பட்டது. அக்கா ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் கை அச்சின் லீவரை இழுக்கத் தொடங்கினார். நான் பட்டம் பெற்றது அவருடைய தோள்பலத்தில்தான்.

பின்னர், உரிமம் பெற்ற துப்பாக்கி சுடும் கழகம் ஒன்றில் துப்புரவுப் பணிக்குச் சேர்ந்தார். உறுப்பினர்களின் பயிற்சிக்கான தோட்டாக்களை அக்கழகம் தானே தயாரித்துவந்தது. அச்சில் வார்த்த ஈயக் குண்டுகளைச் சுற்றி மெல்லிய பள்ளங்கள் இருக்கும். அப்பள்ளங்களில் தேன்மெழுகு கலந்த கிரீஸ் நிரம்பியிருக்க வேண்டும். இல்லையேல் ஈயம் துப்பாக்கிக் குழலுக்குள் ஒட்டிக்கொள்ளும். அதற்கென வாங்கிய பழைய வார்ப்பிரும்பு இயந்திரம் உறைந்த கிரீஸுடன் மூலையில் கிடக்க, குண்டுகளுக்குக் கையால் மெழுகு பூசிக்கொண்டிருந்தார்கள். அக்கா அதைப் பிரித்து, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, கிரீஸ் வரும் நுண்துளைகளை ஊசியால் குத்தித் திறந்து ஓடவைத்தார். லீவரை அழுத்தினால் குண்டு கீழே இறங்கும். பக்கத் துளைகளிலிருந்து கிரீஸ் பள்ளங்களில் நிறையும். லீவரைத் தூக்கினால் குண்டு பளபளப்பாக மேலே வரும். செயலாளர் மகிழ்ந்து, மழைக்காலம் முடியும்வரை சோதனையாக அந்த வேலையை அக்காவிடமே ஒப்படைத்தார். பிறகு குளிர்காலம்வரை அதை நீட்டித்தார்.

மேஸ்திரிக்கு அது பிடிக்கவில்லை. அவர் நம்மவர், அம்பர்நாத்தில் தொழிற்சாலை வேலையை இளவயதிலேயே விட்டுவந்தவர், தோட்டாவில் வெடிமருந்திட்டுக் குண்டைப் பொருத்துவது அவர் பொறுப்பு. "கூட்டிப் பெருக்க வந்த பிள்ளை கையில மிஷினக் குடுத்தா, நாளைக்கு என்னையப் பெருக்கச் சொல்லுவாங்களோ?" என்று எல்லோரும் கேட்கவே சொல்வாராம்.

நான் சமூகப்பணி படித்துக்கொண்டிருந்த காலம் அது. குண்டு செய்வது சரியான வேலைதானா என்று வீட்டில் ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். "அங்க காயிதத்தத் தான்ல சுடுதாங்க. அதுலயும் பாதிப் பேருக்குக் குறி படாது. காயிதத்துக்காவ நீ ஒரு போராட்டம் நடத்தேன்" என்றார். வீடே சிரித்தது. ஆனால் அக்காவும் விளைவுகளை எடைபோட்டவர்தான் என்பதை அந்தக் குளிர்காலத்தில் அறிந்தேன்.

குளிரில் கிரீஸ் இறுகி நகராது. அதை இளக்க, அக்கா இயந்திரத்தின் அடியில் ஒரு மின்விளக்கை எரியவிட்டு, கிரீஸை மேலிருந்து அழுத்தும் திருகை இறுக்குவார். எழுந்து போகும்போது திருகைத் தளர்த்திவிட வேண்டும். கல்லூரி மாணவியர் போட்டிக்கு முந்தைய நாள், சாப்பிடக் கூப்பிட்ட அவசரத்தில் தளர்த்தாமல் எழுந்துவிட்டார். திரும்பி வந்து வேலையைத் தொடர்ந்தார். மறுநாள் காலை இயந்திரத்தைத் துடைக்கையில்தான், குண்டைக் கீழிருந்து தாங்கும் தண்டின் தலையில் கிரீஸ் படிந்திருந்ததைக் கண்டார். இளகிய கிரீஸ் அடிப்பக்கம் கசிந்து, சில குண்டுகளின் அடியிலும் ஒட்டியிருக்கிறது. அவை அதற்குள் தோட்டாக்களாகிப் பெட்டியில் கலந்துவிட்டன. அந்தக் கிரீஸ் மருந்தில் இறங்கினால், மருந்து சரியாக எரியாமல் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடலாம். அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கும்.

வெளியே மாணவியர் வந்து நின்றிருந்தார்கள். அக்கா பெட்டியைத் தூக்கித் தம் அறையில் வைத்துக்கொண்டு செயலாளரை அழைத்தார். அந்த வேலை போனால் எங்கள் வீட்டில் வேறு வருமானம் இல்லை.

"ஒன்றிரண்டு இருக்கலாம், அவ்வளவுதானே? சலேகா, தாயி" என்றாராம் செயலாளர், 'பரவாயில்லை, அக்கா' என்ற பொருளில்.

"இல்ல சாப், சலேகா இல்ல. தப்பு என்னோடது. ஆனா பெட்டி வெளிய போவாது" என்று அக்கா தமக்குத் தெரிந்த இந்தியில் சொல்லியிருக்கிறார்.

மேஸ்திரி தமிழில் தொடங்கினார். "அன்னிக்கே சொன்னேன்லா! ஏட்டி, நீ வாயத் தெறக்காம இருந்திருந்தா எவனுக்குத் தெரியப் போவுது?"

"எந்தப் பிள்ள மூஞ்சில வெடிச்சுதுன்னு நான் பேப்பர்ல பாக்கணுமா அண்ணாச்சி? ஏசுங்க, வேண்டாங்கல. கையில வேலையப் பாத்துக்கிட்டே ஏசுங்க."

அவர் ஏசிக்கொண்டே வேலைக்கு உட்கார்ந்துவிட்டார். இருவரும் புதிதாகச் செய்து முடிக்க மதியமாயிற்று. போட்டி அதன் பிறகே நடந்தது. வேலை போயிற்று என்றே சில நாள்கள் வீட்டில் நினைத்தோம். பிறகு செயலாளர் அக்காவை அழைத்து வேலையை நிரந்தரமாக்கினார். அவரிடம் அக்காவுக்காகப் பரிந்து பேசியவர் மேஸ்திரி அண்ணாச்சி என்பது வெகுகாலம் கழித்தே எங்களுக்குத் தெரிந்தது.

ஓய்வு பெறும்வரை அந்த இயந்திரம் அக்காவின் பொறுப்பில் இருந்தது. ஈயம் உடலில் ஏறக்கூடியது என்பதால் பட்டறைக்குள் சோறு தண்ணீர் கூடாது என்றார். அங்கு வேலை செய்வோர் அனைவருக்கும் ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை வேண்டுமென்று கேட்டு வாங்கினார். சென்ற ஆண்டு இதயநோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியபோது, ஈயம் காரணமோ என்று மருத்துவரிடம் கேட்டேன். இல்லை என்றார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, "மிஷினச் சந்தேகப்படாதல" என்றார். இரண்டு நாள் கழித்து அமைதியாகப் பிரிந்தார்.

அக்காவைக் கண்போல் பார்த்துக்கொண்ட அத்தானுக்கும், மருத்துவமனையில் முறைவைத்து உடனிருந்த தாராவி அண்டை வீட்டாருக்கும், தள்ளாத வயதில் அம்பர்நாத்திலிருந்து ரயிலேறி வந்து பாடைக்குத் தோள்கொடுத்த மேஸ்திரி அண்ணாச்சிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டுள்ளது.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அன்று போட்டிக்கு வந்து, மதியம்வரை வாசலில் முணுமுணுத்துக்கொண்டு நின்ற மாணவியரே, தாமதத்தின் காரணத்தை அன்று எவரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். நீங்கள் இப்போது எங்கெங்கோ நலமாக இருப்பீர்கள். கோபித்துக்கொண்டு திரும்பிப் போகாமல் நின்றதற்கு நன்றி. அன்று உங்களை நிறுத்திவைத்தவர் எங்கள் அக்கா.