குண்டசாலையில் சாயத்தண்ணி

பூச்சி, திங்கட்கிழமை தோறும் நீ போன வழியில் நானும் ஒரு தரம் போய் வந்தேன்.

பூச்சி என் மகள். காய்ச்சலில் போய்ச் சேர்ந்து மூன்று மாதமாகிறது. குண்டசாலையில், சாயப் பட்டறைகளின் கழிவுத் தண்ணீரை வடிக்கிற பிளாஸ்டிக் தாள் செய்யும் சின்னத் தொழிற்கூடத்தில், வாரம் முழுக்க அங்கேயே தங்கி வேலை பார்த்தாள். அவள் கடைசியாகச் செய்த தாள் அங்கே இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவள் படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று போன சனிக்கிழமை எடுத்துவரக் கிளம்பினேன்.

புசல்லாவையில் காலை 6.10 பஸ். கண்டிக்கு ஏறக்குறைய நாற்பது கிலோமீற்றர், இரண்டு மணி நேரம், 170 ரூபாய். கம்பளை வரை பனி. பஸ் நிற்க, மலைதான் எங்களைக் கடந்து போகிற மாதிரி இருந்தது. கண்டியில் பஸ் மாறி இன்னும் அரை மணி நேரம்.

"சாயத்தண்ணி வடிக்கிறேம்மா" என்றுதான் வேலையைப் பற்றி முதலில் சொன்னாள். எங்கள் பக்கம் சாயத்தண்ணி என்றால் பால் ஊற்றாத தேத்தண்ணி. ஏ.எல். பரீட்சை பாஸாகி தேத்தண்ணி ஊற்றவா போனாள் என்று இரண்டு நாள் நான் பேசவில்லை.

அவளோடு வேலை செய்த ரிஸ்னா வாசலுக்கே வந்தாள். "வாங்கம்மா. ஒங்கட சாயத்தண்ணிக் கதைய செல்லிச் செல்லிச் சிரிப்பா. குடிக்கிற சாயத்தண்ணியா, குடிக்கேலாத சாயத்தண்ணியா, எது வேணும்?"

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கழித்த பிளாஸ்டிக்கை மருந்தில் கரைத்துப் பாகாக்குகிறார்கள். கண்ணாடியில் ஊற்றி, தகட்டால் ஒரே இழுப்பு. பிறகு கண்ணாடியோடு மெதுவாகத் தண்ணீரில் இறக்குகிறார்கள். நிறமே இல்லாத பாகு ஓரத்திலிருந்து வெள்ளையாகிக்கொண்டே வந்தது. வெளிநாட்டுத் தாள் வாங்க முடியாத பட்டறைகளுக்கு இதுதான் கட்டுப்படியாகுமாம்.

ரிஸ்னா ஒரு தொட்டியைக் காட்டினாள். "இது அவ இழுத்தது. ஒவ்வொரு நாளும் தண்ணி மாத்துறோம். காஞ்சா கண்ணுக்குத் தெரியாத ஓட்டையெல்லாம் அடைபட்டுரும். காய வச்சு ஊட்டுக்குக் கொண்டுபோய் மாட்டலாம். வடிக்கத்தான் ஏலாது. மாட்டவா, வடிச்சுப் பாக்கவா, நீங்களே செல்லுங்க."

கையை விட்டுத் தொட்டேன். அவித்த முட்டையின் உள்தோல் போல இருந்தது. கை விறைக்கும்வரை எடுக்கவில்லை.

"போட்டு வடி புள்ள. மாட்டி வைக்கவா அவ செஞ்சா?"

ரிஸ்னா தாளை வட்டமாக வெட்டி இரும்புக் கூட்டுக்குள் இறுக்கினாள். மேலே கருஞ்சிவப்புச் சாயம் ஊற்றி அழுத்தம் கொடுத்தாள். முதல் சொட்டு விழ எட்டு நிமிடம். முழுக்க வெளுக்கவில்லை, இரண்டாம் தரம் ஊற்றிய தேத்தண்ணி நிறம்.

"பாருங்கம்மா, ஒங்கட மக ஊத்தின தேத்தண்ணி" என்றவள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அங்கே போகிறவர்கள் முதலிலேயே கேட்டுக்கொண்டு போங்கள். சனிக்கிழமை ஒரு மணிக்கு மூடிவிடுவார்கள். மருந்து வாடையில் தலை வலிக்கும், மூக்குக்குத் துணி வேண்டும். திரும்பும்போது கண்டி பஸ் நிலையத்திலேயே ஏறினால்தான் உட்கார இடம்.

தாளில் வெட்டிக் கழித்த மூலை ஒன்றை ரிஸ்னா ஜாம் போத்தல் தண்ணீரில் போட்டுத் தந்தாள். தினமும் தண்ணீர் மாற்றுகிறேன். பாகு ஈரமாக இருக்கும்போது பட்ட விரல் தடம் ஒன்று அதில் இருக்கிறது. பூச்சி, அது உன் எந்த விரல்?