சும்மா அந்த ரோட்டில் போனவள்

காப்புறுதி விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுக்கும் தொழிலில் கை நிறைகிறதோ இல்லையோ, ரத்தக் கொதிப்பு தவறாமல் ஏறும். எண் சீட்டைப் பிடித்துக்கொண்டு காலை முழுக்க உட்கார்ந்து, கடைசியில் ஒரு தாள் குறைகிறது என்ற பதிலோடு வீடு திரும்பியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் பாசார் சந்தையில் துணி விற்றவள். மலாய் மொழியை அதட்டி அதட்டியே கற்றேன். இப்போது ஜோர்ஜ் டவுனில் ஒரு கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் மேசை போட்டு, அரசாங்கத் தொழிலாளர் காப்புறுதியில் மாட்டிக்கொண்டவர்களுக்கு எழுதிக் கொடுக்கிறேன். இந்த வருஷம் என்னை ரொம்பவே களைக்க வைத்தது கலாவின் கால்.

ஒரே ஒரு சொல்

கலா பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பார்ப்பவள். பாலிக் புலாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும்போது லோரி இடித்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வேலைக்குப் போகிற வழியில் நடந்த விபத்து என்று ஏற்றுக்கொண்டால் செயற்கைக் காலைக் காப்புறுதியே கொடுக்கும். கால் வந்தால் பழைய வேலை உண்டு என்று தொழிற்சாலையும் சொல்லியிருந்தது.

மனு தள்ளுபடியானது. விபத்து நடந்தது பெரிய சாலையில் இல்லை, பக்கத்துப் பழைய ரோட்டில். ஏன் அந்த வழி என்ற கேள்விக்கு, பாரம் நிரப்பிய அவள் கணவன் குமரன் மலாயில் 'சாஜா' என்று எழுதி வைத்திருந்தான். சும்மாவாம்! சும்மா போனால் அது ஊர் சுற்றல், வேலைக்குப் போனதில் சேராது.

மேசையில் அடித்துக் கேட்டேன். அவன் தலையைத் தூக்காமலே சொன்னான்: "அவதான்க்கா சும்மான்னு சொன்னா. நான் வேற என்னத்த எழுதறது?"

பேரம்

மறுநாள் கலாவே கட்டையை ஊன்றிக்கொண்டு வந்தாள். பெரிய சாலையில் வெட்டு வேலை நடந்தது, அதனால் சுற்றிப் போனேன் என்று மேல்முறையீட்டில் சொல்லச் சொன்னேன். வெட்டு வேலை நடக்கவில்லையே என்றாள். நான் போட்ட சத்தத்தில் அஞ்சடியில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். எத்தனையோ பேரிடம் பேரம் பேசியிருக்கிறேன், இவளிடம் ஒரு காசு இறங்கவில்லை.

"பொய் சொல்லி வாங்குன கால வச்சுக்கிட்டு எப்படிக்கா கோயிலுக்குள்ள போறது?"

விசாரணை

மேல்முறையீட்டை விசாரித்த அதிகாரி என் வயதுள்ள மலாய்க்காரப் பெண். நான் குரலை உயர்த்தியதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, கலாவிடம் நேராகக் கேட்டார். கலா மெதுவாகச் சொன்னாள். அந்தப் பழைய ரோட்டில் முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. நிற்க மாட்டாள், இறங்க மாட்டாள், இரண்டு தடவை ஹார்ன் அடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். பதினோரு வருஷமாக இப்படித்தான். சாமிக்கு ஹார்ன் அடிப்பதை அரசாங்கப் பாரத்தில் எழுதினால் சிரிப்பார்கள் என்றுதான் சும்மா என்றாளாம்.

கால் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதிகாரி சிரிக்கவில்லை.

"தினமும் போனா அதுதானே உங்க வழி. பார்த்தவங்க யாராவது இருந்தா எழுதி வாங்கிட்டு வாங்க."

சாட்சி

கோயிலுக்கு எதிரில் ஒரு சீனப் பெரியவர் ஜாதிக்காய் விற்கிறார், கடைக்குப் பின்னாலேயே வீடு. எழுதிக்கொண்டு போன சாட்சிக் கடிதத்தை நீட்டி, கலாவின் படத்தைக் காட்டினேன். முகத்தைச் சுளித்தார். இங்கேயும் சண்டைதான் என்று முந்தானையை இழுத்துச் செருகினேன். அவர் பேனாவைக் கேட்டார்.

"விடிஞ்சும் விடியாம ரெண்டு ஹார்ன் அடிச்சு தினமும் என் தூக்கத்தக் கெடுக்கிற பொம்பள லா இது. எங்க கையெழுத்து போடணும்?"

கால்

அந்தக் கடிதம் போதுமானதாக இருந்தது. அளவெடுத்து, மாட்டி, பழகி, ஒரு நாள் கலா கட்டை இல்லாமல் என் மேசைக்கு நடந்து வந்தாள். கொஞ்சம் சாய்ந்த நடைதான். அடுத்த வாரம் வேலைக்குத் திரும்புகிறாள். எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் முதலில் வந்தது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் இத்தனை மாதம் அலைந்திருப்போமா என்று கேட்டேன்.

"நீங்க எங்கக்கா கேட்டீங்க? திட்டிக்கிட்டேதான இருந்தீங்க."

அன்றிலிருந்து யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் ஐந்து நிமிடம் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன், நேற்று மூன்றாவது நிமிடம் வரைக்கும் தாக்குப்பிடித்தேன்.