சாலைக் கடைத்தெருவில் கேட்ட சிரிப்பு

கல்யாணமான நாளைக் கொண்டாடும் வழக்கம் எங்கள் வீட்டில் யாருக்கும் கிடையாது. அந்த யோசனையை எனக்குள் போட்டவர் எங்கள் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். கிறிஸ்தவர். வருஷம் தவறாமல் அந்த நாளில் மனைவியைக் கூட்டிக்கொண்டு திருவனந்தபுரம் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவார். "நீரும் ஒருதரம் போய்ப் பாரும்வே. வீட்டு ஆளுக இல்லாத எடத்துல ரெண்டு பேருமா இருந்து பாத்தாத்தான் தெரியும்" என்றார்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. எங்களுக்குத் தலைநகரம் அப்போது திருவனந்தபுரம்தான். சுசீந்திரத்துக்குப் பக்கத்தில் வயல்களுக்கு நடுவே எங்கள் ஊர். அப்பா, அம்மா, அண்ணன்கள் இருவர், மதினிகள், பிள்ளைகள் என்று வீட்டில் பதினொரு பேர். நானும் என் மனைவியும் படுத்த அறையில் பாதி இடத்தை நெல் மூட்டைகள் பிடித்துக்கொண்டிருந்தன. பகலில் மதினிகள் நெல் எடுக்க வருவார்கள், பிள்ளைகள் ஒளிந்து விளையாட வரும். கல்யாணமாகி ஒரு வருஷத்தில் நாங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசிய நேரத்தை எண்ணிவிடலாம்.

சும்மா சுற்றிப் பார்க்கப் போகிறோம் என்று வீட்டில் சொல்ல முடியாது. பத்மநாபசாமியைக் கும்பிடப் போகிறோம் என்றேன்.

"கும்பிட ரெண்டு நாளு என்னத்துக்கு?" என்றாள் அம்மா.

"பள்ளிக்கூடத்துக்குப் புஸ்தகமும் வாங்கணும்."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள். மதினிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். என் மனைவி தலை குனிந்தபடி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பிறந்தது மார்த்தாண்டத்திலிருந்து இரண்டு மைல் உள்ளே. எங்கள் ஊருக்கும் அதற்கும் தூரம் அதிகமில்லை, பேச்சு மட்டும் வேறு. பாட்டுப் போல இழுத்துப் பேசுவாள், மலையாளச் சொற்கள் தாராளமாக வந்து விழும். வந்த புதிதில் ஒருநாள், "மதினி, கொறச்சு வெள்ளம் தாருங்கோ" என்று குடிக்கத் தண்ணீர் கேட்டுவிட்டாள். "வெள்ளமா? பழையாத்துலயா? பாலத்துக்கு மேல போகுதா?" என்றாள் பெரிய மதினி. வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு அவள் எதற்கு வாயைத் திறந்தாலும் பிள்ளைகள் அதே ராகத்தில் திருப்பிச் சொல்லும். நான் தமிழ் வாத்தியார் வேறு. தமிழ்த் தாலுகாக்கள் சென்னையோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்த காலம் அது. கூட்டத்துக்குப் போய்விட்டு வந்து, அவள் தன் அம்மாவுக்கு எழுதி வைத்திருந்த கடிதத்தைச் சிவப்பு மையால் திருத்திக் கொடுத்திருக்கிறேன். நல்லது செய்ததாகவே நினைத்தேன். மெல்ல மெல்ல அவள் 'ஆமா', 'இல்ல', 'சரி' என்ற மூன்று சொற்களுக்குள் வந்து நின்றாள். அடக்கமான பெண் என்று ஊரில் பெயர் வாங்கினாள். எனக்கும் அதில் பெருமைதான்.

சனிக்கிழமை காலையில் பஸ் ஏறினோம். ஜன்னல் ஓரத்தில் அவளை உட்காரவைத்தேன். மார்த்தாண்டத்தில் சந்தைக் கூட்டம், பஸ் வெகுநேரம் நின்றது. அவள் கம்பியில் முகத்தை வைத்து, மேற்கே பிரிந்து போகும் ஒரு வண்டிப்பாதையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் வீட்டுக்குப் போகும் பாதை.

"பொறவு ஒருநா போவோம்" என்றேன்.

"சரி" என்றாள்.

திருவனந்தபுரத்தில் கோட்டைக்கு வெளியே ஒரு சத்திரத்தில் அறை எடுத்தேன். கதவைச் சாத்தியதும் உள்ளே நாங்கள் இருவர் மட்டும்தான். யாரும் வரமாட்டார்கள், யாரும் கூப்பிடமாட்டார்கள். ஒரு வருஷம் ஆசைப்பட்டது இதற்குத்தான். ஆனால் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை. கட்டிலின் ஒரு முனையில் அவளும் மறுமுனையில் நானும் உட்கார்ந்திருந்தோம். வெளியே ரோட்டில் போகும் ஜட்கா வண்டிகளை எண்ணினேன். கடைசியில், மார்த்தாண்டவர்ம மகாராஜா காலத்து வரலாறு கொஞ்சம் சொன்னேன். பிள்ளைகளுக்கு நடத்துகிற அதே குரலில்தான் சொன்னேன். அவள் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ம்' கொட்டினாள். சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். என்ன வேண்டிக்கொண்டாள் என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல" என்றாள்.

மறுநாள் காலையில் சாலை என்று பேர்கொண்ட கடைத்தெருவுக்குப் போனோம். அம்மாவுக்கு ஏதாவது வாங்கிக்கொண்டு போக வேண்டுமே. அப்படிப்பட்ட நெரிசலை நான் அதற்கு முன் கண்டதில்லை. மிளகு, சுக்கு, கருவாடு, கயிறு எல்லாம் கலந்த ஒரு வாசனை. சுமைக்காரர்கள் தலைச்சுமையோடு ஓடிவருவதற்கு ஒதுங்கினேன். திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை.

முதலில் பயம் வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. வந்த வழியே நடந்தேன், மறுபடி முன்னே நடந்தேன். ஒவ்வொரு சந்தாக எட்டிப் பார்த்தேன். நேரம் போகப் போகப் பயம் வந்துவிட்டது. பேர் சொல்லிக் கூப்பிடலாம் என்று நினைத்தபோதுதான், அவள் பேரை நான் சத்தமாகச் சொன்னதே இல்லை என்பது உறைத்தது. வாய் திறந்து நாலு வார்த்தை பேசத் தெரியாதவள், யாரிடம் போய் வழி கேட்பாள் என்று தவித்தேன்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். பாய்க்கடை ஒன்றின் பக்கம் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. தொண்டையைத் திறந்துவிட்ட சிரிப்பு. யாரோ என்று தாண்டிப் போகப் பார்த்தேன். திரும்பினால், கடைப்படியில் பாய்க்காரியோடு உட்கார்ந்திருந்தாள் அவள். மலையாளமும் தமிழும் கலந்து, கையை ஆட்டி ஆட்டி, இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டிருந்தாள். அடுக்கி வைத்த பாய்களுக்குப் பின்னால் அப்படியே நின்றுவிட்டேன்.

என் மதினியைப் போல இடுப்பில் கை வைத்து, "வெள்ளமா? பழையாத்துலயா?" என்று நடித்துக் காட்டினாள். மதினி நேரில் வந்து நின்றது போல இருந்தது. பாய்க்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டே மலையாளத்தில் கேட்டாள், உன் ஆள் அப்போது என்ன சொன்னார் என்று.

அவள் பாயின் ஓரத்துக் கோரையை விரலால் நெருடிக்கொண்டிருந்தாள்.

"அவியளும் சேந்து சிரிச்சினும்" என்றாள்.

நான் போய் முன்னால் நின்றேன். சட்டென்று எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். முகம் பழையபடி ஆகிவிட்டது.

"எங்கெல்லாம் தேடுகது? பயந்துட்டியா?"

"இல்ல."

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. காட்சிபங்களாவுக்குக் கூட்டிப்போய் மிருகங்களைக் காட்டினேன். உச்சிவெயில். தோட்டத்தில் மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்தோம். அவளிடம் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று இருந்தது. நேராகச் சொல்ல வரவில்லை. பக்கத்தில் குழாய் இருந்தது. நயமாகத்தான் கேட்டேன், "கொறச்சு வெள்ளம் கொண்டு வரட்டா?" என்று.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது.

"இங்க வந்துமா?" என்றாள்.

"ஐயோ, கேலி பண்ணல்ல. சத்தியமா இல்ல."

"இருக்கட்டும்."

ஒரு வருஷத்தில் அவள் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. எங்கள் வீட்டில் அழுவதற்கும் அவளுக்கு ஒரு இடம் இருந்ததில்லை. பெஞ்சில் எங்களுக்கு நடுவே இன்னொரு ஆள் உட்காரும் இடம் இருந்தது. அதைத் தாண்டிக் கையை நீட்ட எனக்குத் துணிவு வரவில்லை. நாலு பேர் நடமாடும் இடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது பஸ் மார்த்தாண்டத்தில் நின்றது. நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "எறங்கு" என்றேன். ஏன் என்று கேட்காமல் என் பின்னால் இறங்கினாள். அந்த வண்டிப்பாதையில் திரும்பிய பிறகு எனக்கு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். இரண்டு மைலும் அவள் நடைக்கு என்னால் ஈடு கொடுக்க முடியவில்லை.

"எப்பம் பொறப்பட்டீய மக்களே? ஒரு வாக்குச் சொல்லப்பிடாதா?" என்று அவள் அம்மா ஓடிவந்தாள். என்னை முன்னறையில் நாற்காலியில் உட்காரவைத்து, விசிறியும் பலகாரமும் தந்தார்கள். மாமனார் மழையைப் பற்றிக் கேட்டுவிட்டு, மரியாதைக்காகச் சற்றுத் தள்ளிப் போய் நின்றார். உள்ளே அடுக்களையில் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தங்கையும் அம்மாவும் இடையிடையே ஏதோ கேட்க, பேச்சு நிற்காமல் ஓடியது. பாதி எனக்குப் புரியவில்லை. என்னைப் பற்றி ஏதாவது வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். பத்து நாள் இருந்துவிட்டு வா என்று சொல்லி, விடியற்காலை பஸ்ஸில் நான் மட்டும் கிளம்பினேன்.

"எங்கடே அவ? சண்டையா?" என்றாள் அம்மா.

"இல்ல. அவ வீட்டுல விட்டுட்டு வந்தேன். இனி அவ பேசுகதக் கேட்டு இங்க யாரும் சிரிக்கப்பிடாது."

அம்மா திகைத்துப் போனாள். "வெளையாட்டுக்குல்லா சொன்னோம்" என்றாள். பெரிய மதினி சோற்றைப் போட்டுவிட்டுப் போனாள்.

பதினோராம் நாள் அவளுடைய அண்ணன் கொண்டுவந்து விட்டார். யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள்கூட அவள் பேச்சைத் திருப்பிச் சொல்லவில்லை. ஆனால் அவள் அடுக்களைக்குள் வந்தால் மற்றவர்கள் வார்த்தையை அளந்து பேசினார்கள். நான் செய்தது நல்லதா கெட்டதா என்று எனக்கு விளங்கவே இல்லை. அவளும் சொல்லவில்லை. பிறகு நாகர்கோவிலில் தனிக்குடித்தனம் வந்தோம், பிள்ளைகள் பிறந்தார்கள். பிள்ளைகளிடம் அவள் எங்கள் ஊர்ப் பேச்சையே, பிசகில்லாமல், பேசினாள். அவள் தங்கை வந்தால் மட்டும் இருவரும் கொல்லைப்புறத்துக்குப் போய்விடுவார்கள். அங்கிருந்து அந்தச் சிரிப்பு கேட்கும். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, முடிகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பேன்.