டைல்ஸ் போட்ட வாசல்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கேட்டைத் திறந்ததும் கீழே பார்ப்பார்கள். வாசல் முழுக்கப் பளபளவென்று டைல்ஸ். அதன் நடுவில், கேட்டிலிருந்து நிலைப்படி வரை, இரண்டு பேர் சேர்ந்து நடக்கிற அகலத்துக்கு டைல்ஸ் பெயர்ந்து மண் தெரியும். ஓரமெல்லாம் எலி கடித்த மாதிரி இருக்கும். பைப் புதைக்கிறீர்களா என்று கேட்பார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுவேன். ஒவ்வொருவருக்கும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை. இங்கே ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக்கு முன்னால் கொஞ்சம் இடம் உண்டு. ஒரு பப்பாளி மரம், துணி துவைக்கிற கல், என் வீட்டுக்காரரின் பழைய மொபெட். மழைக்காலத்தில் சேறு செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கல்யாணமாகி வந்ததிலிருந்து அந்தச் சேற்றோடுதான் குடித்தனம்.

மகளைச் சிதம்பரத்தில் கொடுத்திருக்கிறோம். முதல் தடவை உண்டானது மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. அடுத்தது தங்கியபோது தினமும் காலையும் மாலையும் நடக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். வளைகாப்பு முடிந்ததும் தலைப்பிரசவத்துக்கு அவளை இங்கே அழைத்துவர வேண்டும். எங்கள் தெருவில் நாய், பைக், ஓரத்தில் சாக்கடை. அவள் நடப்பதென்றால் வாசலில்தான் நடக்க முடியும். வரப்போவதோ ஐப்பசி.

என் தம்பி மஞ்சக்குப்பத்தில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை செய்கிறான். அவன்தான் ஆரம்பித்தான்.

"மாமா, சம்பந்தி வூட்டு வாசலப் பாத்தீங்கல்ல? மொகம் தெரியுது. நம்ம பொண்ணு இங்க வந்து சேத்துல நடக்கணுமா?"

வீட்டுக்காரருக்கு அது சுருக்கென்று பட்டுவிட்டது. ஆனால் சம்பந்தி வீட்டில் டைல்ஸ் போட்டிருப்பது போர்ட்டிகோவில். மேலே கான்கிரீட், சொட்டுத் தண்ணீர் விழாது. சம்பந்தியம்மா வாசல் தெளிப்பதெல்லாம் கேட்டுக்கு வெளியே. எங்கள் வாசல் வானத்தைப் பார்த்துக் கிடக்கிறது. அதில்தான் நான் விடிந்தால் ஒரு வாளித் தண்ணீர் தெளிக்கிறேன். கேட்டுக்கு வெளியே எங்களுக்குச் சாக்கடை மூடிதான் இருக்கிறது, அதன் மேலா கோலம் போடுவது? எல்லாவற்றையும் சொன்னேன். வழுக்கும் என்றேன். தம்பி சிரித்தான்.

"நீ எதுக்குக்கா தெளிக்கற? மாப் போடு. ஸ்டிக்கர் கோலம் நானே வாங்கியாந்து ஒட்டறேன்."

பப்பாளியை வெட்டினார்கள். துவைக்கிற கல்லைப் பின்பக்கம் உருட்டினார்கள். டைல்ஸ் வந்தது, சிமெண்ட் பெஞ்ச் வந்தது, இரும்பு ஊஞ்சல் வந்தது, மதிலில் விளக்கு, ஓரத்தில் குரோட்டன்ஸ் தொட்டி. வேலை முடிகிற வரைக்கும் வீட்டுக்காரர் வெயிலிலேயே நின்றார். பேரப்பிள்ளை இதில் ஆடும் என்று ஊஞ்சலைக் காட்டிக் கொத்தனாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேட்டதும் எனக்குச் சண்டை போட வாய் வரவில்லை.

முதல் நாள் சாயங்காலம் நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். விளக்கைப் போட்டுக்கொண்டு தம்பியோடு மூவரும் காபி குடித்தோம். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையில் வாளியை எடுத்தேன். தண்ணீர் தெளிக்காத வாசல் என்றால் அது சாவு விழுந்த வீடு. பிள்ளைத்தாய்ச்சி வரப்போகிற வீட்டில் நான் வாசலைக் காயப்போடுவதா? கையளவுதான் தெளித்தேன். திரும்பி நடந்தேன், அவ்வளவுதான் தெரியும். மணிக்கட்டு மடங்கிக் கீழே கிடந்தேன். என்னைத் தூக்க ஓடிவந்த வீட்டுக்காரரும் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சிரிப்பும் வரவில்லை.

கட்டுப் போட்ட கையோடுதான் வளைகாப்புக்குச் சிதம்பரம் போனேன். பெற்றவள் நான் ஒற்றைக் கையால் மகளுக்கு வளையல் போடப் பார்த்தேன், முடியவில்லை, இன்னொருத்தி வந்து பிடிக்க வேண்டியிருந்தது. என்ன ஆச்சு என்று சம்பந்தியம்மா கேட்டார். வீட்டுக்காரர் பாத்ரூமில் விழுந்ததாக ஏதோ சொல்ல ஆரம்பித்தார். நான் இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

சாப்பாடு முடிந்ததும் அந்தம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சம்பந்தி, கோச்சிக்காதீங்க. ஒருதரம் பறிகுடுத்தாச்சு. வாசல சரி பண்ணிட்டு சொல்லுங்க, நானே கொண்டாந்து வுடறேன். இல்லன்னா இங்கயே பொறக்கட்டும்."

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதில் தப்பில்லை, அதனால்தான் வந்தது. கை நிறைய வளையலோடு மகள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மா, எனக்கு அங்கதான் வரணும்," என்றாள்.

கட்டுச்சாதம் கொண்டுபோன காலிப் பாத்திரங்களோடும், மகள் இல்லாமலும் நாங்களும் தம்பியும் கடலூர் பஸ் ஏறினோம். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது. வழியில் தம்பி மெதுவாக, ரப்பர் மேட் ஒன்று இருக்கிறது மாமா, மேலே விரித்துவிட்டால் போதும் என்றான்.

"மச்சான், கொஞ்ச நேரம் பேசாம வா," என்றார் வீட்டுக்காரர். அவர் அவனிடம் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் வீட்டுக்காரர் கடப்பாரையை எடுத்தார். நிலைப்படியில் ஆரம்பித்துக் கேட்டை நோக்கிப் போனார். புது டைல்ஸ் உடைகிற சத்தம் தெருவுக்கே கேட்டது. எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். மொத்தத்தையும் பெயர்க்க வீட்டுக்காரருக்கு மனசு வரவில்லை, பெயர்க்கச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. பாதி வேலையில் தம்பி வந்தான். கேட்டில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு இரும்புப் பாண்டை எடுத்து உடைசலை அள்ளினான். கிராவல் மண் கொட்டி இடித்துக் கெட்டிப்படுத்தினார்கள்.

சம்பந்தியம்மா சொன்னபடி வந்தார். அன்றைக்கும் மழை. மகளைக் காரிலேயே உட்காரச் சொல்லிவிட்டு, தான் மட்டும் இறங்கி அந்த மண் மேல் கேட்டிலிருந்து படி வரை நடந்தார். செருப்பை அழுத்திப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய்க் காரின் கதவைத் திறந்தார்.

ஐப்பசி முழுக்க மகள் அதில் நடந்தாள். வீட்டுக்காரர் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். அவர்கள் எழுந்திருப்பதற்குள் நான் அந்த மண்ணில் தண்ணீர் தெளித்துச் சின்னதாக ஒரு கோலம் போட்டிருப்பேன். நடக்க நடக்க அழிந்துவிடும்.

பேரன் இப்போது தவழ்கிறான். மகள் அவனைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் ஊஞ்சலில் உட்காரவைத்துப் பார்க்கிறோம், கத்துகிறான். கீழே விட்டால் டைல்ஸைத் தாண்டி நேராக அந்த மண்ணுக்குப் போய் அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறான். ஊஞ்சலில் என் ஈரத்துணி காய்கிறது.

போன வாரம் தம்பி வந்திருந்தான். கடையில் சொரசொரப்பாகப் புதுசு ஒன்று வந்திருக்கிறதாம். தண்ணீரே ஊற்றினாலும் வழுக்காதாம். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் பேரனின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கடப்பாரை இன்னும் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது என்றேன்.