தாயின் பகுதியை வாசித்தவள்

நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. இப்போதும் நம்பவில்லை. ஆனால் 1962 அக்டோபர் 17, புதன்கிழமை, மாலை ஐந்தரை மணியிலிருந்து ஆறு மணி ஐந்து நிமிடம் வரை என் வகுப்பில் நடந்தது நடந்ததுதான். முப்பத்தொரு பிள்ளைகளும் ஒரு பள்ளி இன்ஸ்பெக்டரும் அங்கே இருந்தார்கள். இட்டுக்கட்டி எழுதுவதாக இருந்தால் என்னை இதைவிட நல்லவளாகக் காட்டியிருப்பேன்.

சிங்கப்பூரில், ஃபேரர் பார்க் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளி. பெயர் வேண்டாம். பிற்பகல் வகுப்புகள், ஒரு மணிக்குத் தொடங்கி ஆறேகாலுக்கு விடும். என் அப்பா நகராட்சியில் சாலை கூட்டுபவர். எங்கள் லைன் வீடுகளில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு. வேலையில் சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியும் நிரந்தரம் ஆகவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து ஒரு பாடம் பார்த்து, நல்லபடியாக எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஜனவரியில் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அப்பாவின் இருமலை நினைத்தால் அது நடக்கவே கூடாது.

செகண்டரி இரண்டுக்கு நாடகம் நடத்திக்கொண்டிருந்தேன். ஏரி உடைந்த இரவில் கரைக் காவலுக்குப் போன மகன் திரும்பவில்லை. தாய் அரசவைக்கு வந்து, என் மகன் எங்கே என்று கேட்கிறாள். அரசன் மழுப்புகிறான். அவள் மறுபடி கேட்கிறாள். அவ்வளவுதான் நாடகம். வாய்விட்டு வாசித்தால்தான் நாடகம், மனசுக்குள் படித்தால் அது வெறும் கதை என்பது என் கட்சி. அதனால் ஆளுக்கொரு பாத்திரம் கொடுத்து எழுந்து நின்று வாசிக்க வைப்பேன்.

அந்தப் புதன்கிழமைக்கு முந்தைய வாரம், வியாழக்கிழமை, தாயின் பகுதி பூவம்மாவுக்கு வந்தது. பதினாலு வயது. அவள் அம்மா ரப்பர் கிடங்கில் வேலை செய்பவள். பூவம்மா எழுந்தாள். புத்தகத்தில், "அரசே, என் மகன் எங்கே?" என்று இருந்தது. அவள் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "எம்புள்ள எங்க சாமி?" என்றாள்.

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது என் அம்மா பேசும் பேச்சு. பல்கலைக்கழகத்தில் மூன்று வருடம் என் நாக்கிலிருந்து நான் தேய்த்துத் தேய்த்துக் கழுவிய பேச்சு. அதை என் வகுப்பில், அத்தனை பேர் முன்னால், தைரியமாகப் பேசிக்கொண்டு ஒருத்தி நின்றாள்.

"இது என்ன மீன் மார்க்கெட்டா?" என்றேன். "உக்காரு. இனிமே என் கிளாஸ்ல நீ வாயத் தொறக்கக் கூடாது. உன் குரலே என் காதுல விழக் கூடாது."

"சரி டீச்சர்."

வெள்ளிக்கிழமை வந்தாள், பேசவில்லை. திங்கட்கிழமையிலிருந்து வரவே இல்லை. ரோஷம் என்று நினைத்தேன். தாயின் பகுதியைச் சந்திரமதிக்கு மாற்றினேன். குமாஸ்தா மகள். அச்சடித்த மாதிரி வாசிப்பாள்.

புதன்கிழமை நாலு ஐம்பதுக்கு மழை பிடித்தது. ஐந்து மணிக்கே விளக்குப் போட வேண்டியதாயிற்று. ஐந்து இருபத்தைந்துக்கு இன்ஸ்பெக்டர் அம்பலவாணர் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். கடைசி வரிசையில், ஜன்னல் ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நான் கரும்பலகைக்கு முன்னால் என் நாற்காலியில் உட்கார்ந்து வருகைப் பதிவை எடுத்தேன்.

"பூவம்மா."

பதில் இல்லை. வரவில்லை என்று குறித்தேன். முன் வரிசையில் இரண்டு பெண்கள் நிமிர்ந்து என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஏன் என்று யோசிக்க நேரமில்லை.

ஐந்து முப்பத்துநாலு. அரசனாக மாணிக்கம் வாசித்தான். நன்றாகவே வாசித்தான். அடுத்து தாய்.

சத்தமே இல்லை. தகரக் கூரையில் மழை மட்டும். சந்திரமதி எழுந்து நின்றிருந்தாள். வாய் மூடியிருந்தது. பயத்தில் ஊமையாகிவிட்டாள் என்று நினைத்தேன். என் வேலை என் கண் முன்னாலேயே கைநழுவிப் போவது தெரிந்தது. வரியை எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தேன்.

அதற்குள் மாணிக்கம் அரசனின் பதிலை வாசித்தான். சரியான இடத்தில். தாய் கேட்டு முடித்த மாதிரி.

மறுபடி தாய். மறுபடி மௌனம். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பன்னிரண்டு விநாடி. பிறகு மாணிக்கம்.

அவன் குரல் மாறியிருந்தது. திக்கித் திக்கிப் பதில் சொன்னான்... உண்மையாகவே யாரோ அவனைக் கேட்கிற மாதிரி.

ஐந்து நாற்பத்தாறு. தாயின் நீண்ட பேச்சு. ஒரு பக்கம் முழுக்க.

சந்திரமதி எப்போதோ உட்கார்ந்துவிட்டிருந்தாள்.

மழை... கடிகாரம்... வேறு எதுவும் இல்லை.

முப்பத்தொரு பக்கங்கள் ஒன்றாகத் திரும்பின.

இரண்டாம் வரிசையில் ஒருத்தி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார்.

என் பிடரியில் சூடாக ஏதோ பட்டது. விட்டு விட்டு. மூச்சு மாதிரி...

நான் திரும்பவில்லை.

ஆறு ஐந்துக்கு நாடகம் முடிந்தது. இன்ஸ்பெக்டர் எழுந்து வந்தார்.

"அந்தப் பிள்ளை நல்லா வாசிச்சது," என்றார். "புத்தகத்திலை இருக்கிற மாதிரி இல்லாமல் வீட்டுப் பேச்சிலை கேக்க விட்டியள். அரசன் மறுமொழி சொல்ல ஏலாமல் நிண்டுட்டான். நல்ல யோசனை. ஆர் பழக்கினது, நீங்களோ?"

எதைப் பற்றிப் பேசுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பாராட்டு என்று மட்டும் புரிந்தது.

"நான்தான் சார்," என்றேன்.

அவர் போனதும் சந்திரமதியைப் பிடித்தேன். "ஏண்டி வாசிக்கல?"

"பூவம்மா வாசிச்சாளே டீச்சர். நீங்கதான் அவளுக்கே திருப்பிக் குடுத்துட்டீங்கன்னு நெனச்சேன்."

"அவ வரவே இல்லையே."

"டீச்சர்... வெளையாடாதீங்க லா." என் தோளுக்கு மேலே ஒரு பார்வை பார்த்தாள். பையை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

ஆறு நாற்பதுக்கு பூவம்மாவின் வீட்டைக் கண்டுபிடித்தேன். எங்கள் லைனைப் போலவே ஒரு லைன். வாசலில் ஆட்கள் நின்றார்கள். உள்ளே விளக்கு மட்டும் எரிந்தது. பெட்டியோ உடலோ இல்லை. தொண்டை அடைப்பான். தொற்றுநோய் ஆஸ்பத்திரியில் வீட்டுக்குத் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். உயிர் போனது காலை பதினொன்று பத்துக்கு.

அவள் அம்மா செல்லக்கண்ணு தரையில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்துபோன குரலில் சொன்னாள்.

"வியாழக்கெழமலேருந்து வாயே தொறக்கல டீச்சரம்மா. கேட்டா, டீச்சர் பேசக் கூடாதுன்னுட்டாங்கன்னு சிலேட்டுல எழுதிக் காட்டுனா. ரோசக்காரி. கோவம் ஆறுனா பேசுவான்னு விட்டுட்டோம். தொண்ட நோவுன்னு யாருக்குத் தெரியும்? சோறு எறங்கல, அதையும் வீம்புன்னுதான் நெனச்சேன். ஞாயித்துக்கெழம ராத்திரி மூச்சு இழுக்கவும்தான் தூக்கிட்டு ஓடுனோம். முன்னாடியே வந்திருக்கணும்னு டாக்டர் திட்டுனாரு."

நான் அவள் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"எந்த டீச்சர்னு கேட்டேன். சொல்லவே மாட்டேன்னுட்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க என்ன பாடம்மா?"

"கணக்கு," என்றேன்.

யாரோ எனக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் குடித்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு வரும் வருத்தம் இல்லை இது. அப்போதே, அந்தக் குவளை கையில் இருக்கும்போதே எனக்கு என்னைக் கண்டு கூசியது. கூசியும், உண்மையைச் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று எழுந்து வந்தேன். அந்த நாளை இன்னும் வரவில்லை.

நவம்பர் இரண்டாம் தேதி, பன்னிரண்டே முக்காலுக்கு, தலைமையாசிரியர் சுப்பிரமணியம் என்னை அறைக்குக் கூப்பிட்டார். இன்ஸ்பெக்டரின் அறிக்கை வந்திருந்தது. முகமெல்லாம் சிரிப்பு. "கங்கிராஜுலேஷன்ஸ் மா. நிரந்தரம் ஆயிடுச்சு. படிச்சுட்டு அடியில ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஆங்கிலத்தில் ஒரு பக்கம். பாதிக்கு மேல் பாராட்டு. அதன் கடைசிப் பத்தியை என்னால் இன்னும் மனப்பாடமாகச் சொல்ல முடியும். தமிழில் எழுதுகிறேன்:

"தாயின் பகுதியை வாசித்த மாணவி, பாடம் முழுவதும் ஆசிரியையின் நாற்காலிக்குப் பின்னால், அவருடைய தோளை ஒட்டியே நின்றிருந்தாள். ஒவ்வொரு முறை வாசித்து முடித்ததும் குனிந்து ஆசிரியையின் முகத்தைப் பார்த்தாள். ஆசிரியை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு சொல் பாராட்டியிருக்கலாம். இது ஒன்றே குறை."

தலைமையாசிரியர் பேனாவை நீட்டினார்.

வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.